யாரைக் கேட்டுப் போட்டீர்கள் அந்தப் படத்தை?

போன வாரம் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்திருந்தபோது நீங்கள் ஓர் அட்டவணையைக் காட்டினீர்கள். நன்கொடை திரட்டித் தரும் இணையதளங்கள் ஏழு. எது எவ்வளவு கழிவு எடுத்துக்கொள்கிறது, எது எத்தனை நாளில் பணத்தைக் கையில் தருகிறது, எதில் வெளிநாட்டு அட்டை செல்லும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தீர்கள். நல்ல உழைப்பு, குறை சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பார்த்து எனக்கு ஏறிய கோபம் செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்த பிறகும் இறங்கவில்லை. நீங்கள் ‘என்ன மேடம், ஒண்ணுமே சொல்லாம போறீங்க’ என்று கேட்டீர்கள். அன்று வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

யாருக்காகப் பணம் திரட்டுகிறோமோ அந்த ஆளுக்கு உங்கள் அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்த ஆளைப் பற்றி என்ன எழுதுவார்கள், யார் எழுதுவார்கள், எழுதியதை அவர் படித்துப் பார்க்க முடியுமா, வேண்டாம் என்றால் எடுக்க முடியுமா? இதையெல்லாம் நீங்கள் கேட்கவே இல்லை. நானும் ஒரு காலத்தில் கேட்கவில்லை. கேட்காமல் போனதற்கு ஒரு பெண் விலை கொடுத்தாள்.

அவள் உண்மைப் பெயரைச் சொல்லமாட்டேன். தேன்மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை உங்களுக்கு எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்தப் பெயரை வைத்துக்கொள்ளச் சொன்னதும் அவள்தான்.

அரசாங்கக் காப்பீட்டு அட்டை வருவதற்கு முந்தைய காலம் அது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் இரண்டு அறைதான் நம் அறக்கட்டளை. ஒன்றில் நான், இன்னொன்றில் செயலாளர். அவர் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்; வரதராஜர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருக்காரர். நான் செவிலிமேடு காலனியில் பிறந்தவள். என் அப்பா அம்மா பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் இருவரையும் ஒரே அலுவலகத்தில் பார்த்து முதலில் ஊரில் சிலர் புருவத்தைத் தூக்கினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் கணினி கிடையாது. மெயில் பார்க்க வேண்டுமானால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். அங்கேயும் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும்.

தேன்மொழிக்கு அப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. அவள் அப்பா பஸ் ஸ்டாண்டிலிருந்து செவிலிமேடு வரை ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அம்மா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனி கேன்டீனில் வேலை. விடியற்காலை கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பெண்ணுக்கு முதுகெலும்பு வளைந்துகொண்டே வந்தது. வலது தோள் ஏறி, இடது தோள் இறங்கி, பைக்கட்டை எந்தப் பக்கம் மாட்டினாலும் நழுவியது. உட்காரும் விதம் சரியில்லை என்று வீட்டில் இரண்டு வருடம் திட்டியிருக்கிறார்கள். கடைசியில் சென்னையில் ஒரு மருத்துவமனையில் காட்டியபோது, இந்த வளைவு போகிற வேகத்தில் நுரையீரலை அழுத்த ஆரம்பித்துவிடும், சீக்கிரம் அறுவை செய்து கம்பி வைத்தாக வேண்டும் என்றார்கள். டாக்டர் கட்டணம் வேண்டாம் என்றார். உள்ளே வைக்கும் கம்பிக்கும் திருகாணிக்கும் படுக்கைக்கும் ஆகும் தொகைதான் மலை மாதிரி நின்றது. ஆறு வாரம் தள்ளி ஒரு தேதி கொடுத்தார்கள். அதை விட்டால் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

நம்மிடம் இருந்தது போதாது. ஊர்க் கடைகளில் உண்டியல் ஏந்தினால் கால்வாசி தேறும். அந்தச் சமயத்தில்தான் இணையதளத்தில் கேட்கலாம் என்று ஒரு நன்கொடையாளர் சொன்னார். அப்போது அது புதுசு. நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியதில் நமக்கு ஏற்றதாக இரண்டு கிடைத்தன.

ஒன்று பார்க்கச் சோப்பு விளம்பரம் மாதிரி பளபளவென்று இருந்தது. சென்னையில் பெரிய அலுவலகம். ‘முப்பதே நாளில்’ என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். இன்னொன்று பெங்களூரில் நாலைந்து பேர் வேலை நேரம் போக நடத்தியது. பள்ளிக்கூட நோட்டீஸ் மாதிரி இருந்தது. வெறும் எழுத்து. விண்ணப்பித்தால் ஒருவர் கூப்பிட்டுப் பேசுவார், குடும்பம் கையெழுத்துப் போட்ட பிறகே எதுவும் வெளியாகும், பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும் என்று எழுதியிருந்தது. எவ்வளவு நாள் ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் நான் அதை மூடிவிட்டேன். ஆறு வாரம்தான் இருக்கிறது, பள்ளிக்கூட நோட்டீஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

செயலாளரிடம் போய்ப் பளபளப்பானதைத்தான் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கண்டிஷன்லாம் முழுக்கப் படிச்சேளாம்மா?”

படித்தேன் என்றேன். பொய். பதினோரு பக்கம் ஆங்கிலம். மூன்றாவது பக்கத்தில் கரண்ட் போயிற்று. திரும்பி வந்ததும் கடைசிக்குத் தள்ளி, சம்மதம் என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டேன். இந்த வேலையில் நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அதுதான்.

நோய்க்கு ஆதாரம் அனுப்பச் சொன்னார்கள். மருத்துவமனை கொடுத்த கோப்பை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பினேன். எக்ஸ்ரே, டாக்டர் கடிதம், அவற்றோடு ஒரு புகைப்படம். அறுவைக்கு முன் அளவு பார்ப்பதற்காக மருத்துவமனையில் எடுத்தது. தேன்மொழி சட்டையில்லாமல் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிறாள். ஒரு பெண் டாக்டர், ஒரு நர்ஸ், அவள் அம்மா, இந்த மூன்று பேர் மட்டும் இருந்த அறையில் எடுத்த படம். அதை நான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில், எவர் எவரோ உட்கார்ந்திருந்த இடத்தில், கண்ணாடித் தட்டில் கவிழ்த்து வைத்து ஸ்கேன் செய்தேன். ஆதாரம் சரிபார்ப்பவர்கள் பார்ப்பார்கள், மூடி வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பக்கம் வெளியாகிவிட்டது என்று மெயில் வந்தது. மறுநாள் போய்த்தான் திறந்தேன். பக்கத்தின் மேலே முழு அகலத்துக்கு அந்தப் படம்.

அடுத்து நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். என் கண் படத்திலிருந்து கீழே இறங்கி, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் பச்சைக் கோட்டுக்குப் போனது. ஒரே நாளில் அது கால் பங்கு ஏறியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் மறுபடியும் படத்தைப் பார்த்தேன். முகம் தெரியவில்லையே, பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகம் தெரியவில்லை, சரி. ஊர்ப் பெயர் இருந்தது, பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது, வகுப்பு இருந்தது, அவள் பெயரின் முதல் பாதியும் இருந்தது. காஞ்சிபுரத்தில் அந்தப் பள்ளியில் அந்த வகுப்பில் முதுகு வளைந்த பெண் எத்தனை பேர்?

கதையையும் மாற்றியிருந்தார்கள். நான் எழுதி அனுப்பியதில் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா கேன்டீனில் வேலை செய்கிறார் என்று இருந்தது. அவர்கள் போட்டதில் அப்பா குடிகாரர், அம்மா எப்போதோ விட்டுப் போய்விட்டாள், பெண் குனிந்தபடியே பட்டுக்கு நூல் சுற்றிச் சுற்றி முதுகு வளைந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் எவரும் தறிப் பக்கமே போனதில்லை. காஞ்சிபுரம் என்றதும் எவனோ ஒருவன் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து நூலைச் சுற்றிவிட்டிருக்கிறான்.

நான் போன் செய்து கதையைத் திருத்தச் சொன்னேன். பார்க்கிறோம் மேடம், ரெண்டு நாள் ஆகும் என்றார்கள். படத்தைப் பற்றி நான் பேசவில்லை. அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. கதை திருத்தியதும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். பச்சைக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது.

பக்கம் வெளியாகி நான்காம் நாள் தேன்மொழியின் அப்பா படியேறி வந்தார். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் அச்சுப் பிரதி. கறுப்பு வெள்ளையில் படம் இன்னும் மோசமாக இருந்தது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில்கூட உட்காரவில்லை. ஸ்டாண்டில் எல்லோரும் படித்துவிட்டார்கள் என்றும், பெண் இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்றும், என்ன கேட்டாலும் பேசாமல் இருந்தவள் இன்று காலையில்தான் அம்மாவிடம் காரணத்தைச் சொன்னாள் என்றும் சொன்னார். அவள் வகுப்புப் பெண்ணின் அண்ணன் பிரவுசிங் சென்டரில் பார்த்திருக்கிறான். அங்கிருந்து பள்ளிக்கூடம் முழுக்கப் போய்விட்டது.

பிறகு அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“என்னைக் குடிகாரன்னு போட்டுக்கினா போட்டுக்கட்டும் மேடம். நான் தாங்கிக்குவேன். பொண்ணு படத்தை யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

 அவருடைய ஆட்டோவிலேயே ஏறி அவர் வீட்டுக்குப் போனேன்.  அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. அவர் என்னைத் தனியே சமையல் பக்கம் இழுத்து, காசு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டார். பாதியைத் தாண்டிவிட்டது என்றேன். அப்படியென்றால் விட்டுவிடுங்கள், இன்னும் கொஞ்ச நாள்தானே, மானத்தைப் பார்த்தால் மூச்சு நின்றுபோகும் என்றார். அந்த அம்மாவை நான் தவறு சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது.

தேன்மொழி உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெயில் காலத்தில் போர்வையைக் கழுத்துவரை சுற்றியிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு நடந்துவிட்டது, நான்தான் அனுப்பினேன் என்றேன். ஆனால் அதோடு நிறுத்தாமல், பணம் சேர்ந்துகொண்டிருக்கிறது, ஆபரேஷன் தேதி நெருங்குகிறது, முகம் தெரியவில்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். நான் பேசி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“உங்க முதுகா இருந்தா போடுவீங்களா மேடம்?”

போடமாட்டேன் என்றேன்.

“அப்ப எடுத்துடுங்க.”

அழவில்லை. பதினைந்து வயதுப் பெண், அவ்வளவுதான் பேசினாள்.

அங்கிருந்து வந்து அந்தத் தளத்துக்குப் போன் செய்தேன். படத்தை எடுக்க முடியாது என்றார்கள். நான் விடவில்லை. மறுநாள் காலை முதல் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, மெத்தை நாற்காலி. சுவர் முழுக்கச் சிரிக்கும் குழந்தைகளின் பெரிய பெரிய படங்கள். கேட்பவர்களை அழ வைத்துத் தங்கள் சுவரில் மட்டும் சிரிக்க வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு ஒரு மேலாளர் வந்தார். முப்பது வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார்.

படத்தை எடுத்தால் யாரும் கொடுக்கமாட்டார்கள் என்றார். முதல் நாள் எக்ஸ்ரேயை வைத்துப் பார்த்தார்களாம், ஒருவரும் திறக்கவில்லையாம், மாலையில் படத்தை மாற்றியதும் மளமளவென்று வந்ததாம். அதைப் பெருமையாகச் சொன்னார். அப்பாவைக் குடிகாரர் என்று யார் சொன்னது என்று கேட்டேன். அப்பா நல்லவராக இருந்தால் ‘அவரே பார்த்துக்கட்டுமே’ என்று நினைப்பார்கள் மேடம் என்றார். இதை அவர் சொன்ன விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சொன்னார்.

அப்படியானால் பக்கத்தையே எடுத்துவிடுங்கள் என்றேன். அப்போதுதான் அவர் அந்தப் பதினோரு பக்கத்தை மேசையில் வைத்து எட்டாம் பக்கத்தைத் திருப்பினார். முப்பது நாள் முடிவதற்குள் நாமாக விலகினால் சேர்ந்த பணம் முழுவதும் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போகும். அனுப்பிய படங்களையும் எழுத்தையும் அவர்கள் எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டுக்கும் நான் டிக் அடித்திருந்தேன்.

“மேடம், முழு அமவுண்ட் ஒன்பது நாள்ல ஃபில் ஆயிடும். ஒன்பது நாள் பொறுங்க. அப்புறம் நாங்களே எடுத்துடுவோம். ஒன்பது நாளுக்காக ஒரு பொண்ணு லைஃபை ரிஸ்க் பண்றீங்களா?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு பெண்ணின் சட்டையைக் கழற்றி நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, போர்வை கேட்பவளைப் பார்த்து உனக்கு அவள் உயிர் மேல் அக்கறை இல்லையா என்று கேட்கிறார். ஆனால் கோபத்தோடு பயமும் இருந்தது. அவர் சொன்னதில் கணக்கு சரி. ஒன்பது நாளில் தொகை நிறைந்துவிடும். தேதி தவறாது. நான் எடுக்கச் சொன்னால் எல்லாம் போகும், அவள் நுரையீரலுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அந்த முடிவை எடுக்கும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை என்று தோன்றியது.

கீழே இறங்கிப்போய் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து செயலாளருக்குப் பேசினேன். கண்டிஷன் படிக்காமல் பொய் சொன்னதை முதலில் ஒப்புக்கொண்டேன். அவர் மேலே சொல்லச் சொன்னார். ஒன்பது நாள் விஷயத்தைச் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணு என்ன சொன்னா?”

எடுத்துவிடச் சொன்னாள் என்றேன்.

“அப்புறம் என்னை எதுக்கும்மா கேக்கறேள்?”

மேலே ஏறிப்போய் விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலைக்குள் பக்கம் போய்விட்டது. பச்சைக் கோடும் போய்விட்டது.

இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி முடியவில்லை. மருத்துவமனைத் தேதி கைவிட்டுப் போயிற்று. அந்த அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வழியில் பார்த்தால் கம்பெனி பஸ் ஜன்னலை மூடுவார். நான் வெட்கத்தை விட்டு, மூடிவைத்த அந்தப் பெங்களூர்த் தளத்துக்கு எழுதினேன். ஒரு பெண்மணி கூப்பிட்டார். என்னோடு இரண்டு நிமிடம் பேசிவிட்டு, நோயாளியோடு பேச வேண்டும் என்றார். தேன்மொழியோடு முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில், உன்னைப் பற்றி நீயே எழுதித் தருகிறாயா என்று கேட்டார்.

அவள் எழுதியது ஆறே வரி. பாதிக்கு மேல் அவள் அப்பாவைப் பற்றி. அவர் காலையில் எத்தனை மணிக்கு வண்டி எடுப்பார், பரீட்சை நாளில் பயணிகளை ஏற்றாமல் அவளை மட்டும் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவார் என்பது. முதுகைப் பற்றி ஒரு வரி. படம் வேண்டாம் என்றாள். படமில்லாமலே போட்டார்கள்.

மெதுவாகத்தான் வந்தது. சில வாரம் ஒன்றுமே வராது. தொகை சேர நாலு மாதத்துக்கு மேல் ஆயிற்று, அதற்குப் பிறகு மருத்துவமனையில் புதுத் தேதி கிடைக்க ஒரு மாதம். அதற்குள் வளைவு கூடிவிட்டது. டாக்டர் கம்பி வைத்தார், ஆனால் நினைத்த அளவு நிமிர்த்த முடியவில்லை என்றார். இன்றைக்கும் அவளுக்கு ஒரு தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். இரண்டு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அவள் அம்மா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

“ஒன்பது நாள் பொறுத்திருந்தா என் பொண்ணு நேரா நின்னிருப்பா.”

இருக்கலாம்.  நான் சரியான முடிவு எடுத்தேன் என்று மார்தட்டுவதற்காக இதை எழுதவில்லை. எடுத்த எடுப்பில் அந்த நோட்டீஸ் மாதிரித் தளத்துக்குப் போயிருந்தால் கொஞ்ச நாளாவது மிச்சமாகியிருக்கும், ஊர் சிரித்திருக்காது. அந்த ஒன்பது நாள் என்ற கேள்வியே வந்திருக்காது. நல்ல முடிவு எதுவுமே மிச்சம் இல்லாத இடத்துக்கு அந்தக் குடும்பத்தைக் கொண்டுபோய் நிறுத்தியது என்னுடைய டிக்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் கழித்து, இணையம் வழியாக நன்கொடை திரட்டுவது எப்படி என்று சென்னையில் ஓர் ஓட்டலில் பயிற்சி அரங்கு. நம் மாதிரி சின்னச் சின்ன அமைப்புகளிலிருந்து நூறு பேர் வந்திருந்தார்கள். நானும் போனேன். மேடையில் பேச வந்தவர் அதே மேலாளர். பதவி உயர்ந்திருந்தது, உடம்பும் கொஞ்சம் பெருத்திருந்தது. எந்த மாதிரிப் படம் வைத்தால் மக்கள் மனம் இளகும் என்று சொல்லிவிட்டு, திரையில் ஒரு படத்தைப் போட்டார். தேன்மொழியின் முதுகு. சுவர் உயரத்துக்கு.

நான் எழுந்து, அதை எடுங்கள் என்றேன். அவர் சிரித்தபடி, கேள்வி எல்லாம் கடைசியில் மேடம் என்றார். என்னை அடையாளம்கூடத் தெரியவில்லை. இரண்டாவது முறையும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் என் முந்தானையைப் பிடித்து உட்காரச் சொன்னார். நான் நடந்து போய், தரையில் ஓடிய வயரைப் பிடித்து இழுத்தேன். திரை அணைந்தது. கணினியும் கீழே விழுந்தது. யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது.  இரண்டு பேர் வந்து என்னை மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

அரங்கு நடத்தியவர்கள் மன்னிப்புக் கடிதம் கேட்டு நம் அலுவலகத்துக்கு எழுதினார்கள். செயலாளர் தன் கையாலேயே பதில் எழுதினார். எங்கள் அலுவலர் மூன்று ஆண்டு தாமதமாக எழுந்தார், அதற்காக மட்டும் வருந்துகிறோம் என்று. கடிதத்தை ஒட்டுவதற்கு முன் என்னிடம் காட்டினார். அது அவர்களுக்கு மட்டும் எழுதியதில்லை என்பது எனக்குப் புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேன்மொழியைப் பார்க்கப் போனேன். அப்போது அவள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். மறைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். வயரைப் பிடுங்கிய இடம் வந்தபோது அவள் சிரிப்பாள், சந்தோஷப்படுவாள் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அவளுக்காகச் சண்டை போட்டேன் அல்லவா?

அவள் சிரிக்கவில்லை. எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டாள். நூறு பேர் என்றேன். விரலால் பாயைக் கீறிக்கொண்டே பேசினாள்.

“ஒயரை ஏன் புடுங்கினீங்க? அவங்க பாத்தது பாத்ததுதானே. மைக்கை வாங்கியிருக்கணும் மேடம். எனக்கு ஒரு போன் போட்டு அதுகிட்ட வெச்சிருக்கணும். நான் பேசியிருப்பேன்.”